வராத விசாவுக்கு வைத்த முடி

...அப்படியே மொட்டையோடு போய் நின்றால் ஏர்போர்ட்டில் அந்த இமிகிரேஷன்காரன் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, இது நீ இல்லை என்று சொல்லிவிடுவான் அல்லவா, சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆமாம் சார் நான் இல்லைதான் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறித் திருப்பதி வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று கோவர்த்தனன் நினைத்துக்கொண்டிருந்தபோது வரிசை ஓர் அடி நகர்ந்தது. திருமலையில், கல்யாணகட்டாவில், முடி கொடுக்கிற வரிசை. ஈர முடியும் சந்தனமும் டெட்டாலும் கலந்த வாடை, எங்கோ ஒரு குழந்தை தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கடைசி முயற்சியாக அலறுகிற சத்தம், கோவிந்தா கோவிந்தா என்று அதை அமுக்குகிற சத்தம். அவனுக்குப் பின்னால் மனைவி தேவசேனா, தோளில் துண்டும் கையில் மாற்று வேட்டியும் வைத்துக்கொண்டு. இந்தப் பாஸ்போர்ட் சந்தேகத்தை நேற்றே அவளிடம் போட்டுப் பார்த்தாயிற்று. "போட்டோல முடி கீது, நேர்ல இல்லன்னா பிரச்சினை ஆவாதா?" என்று, ஏதோ சட்ட நுணுக்கம் கேட்பவனைப்போல. அவள் சட்டையை மடித்துக்கொண்டே, "காதும் மூக்கும் எடுத்துக்கினு போறீங்க இல்ல? போதும்" என்றாள். அதற்கு மேல் அந்த வழக்கில் வாய்தா இல்லை.

இந்த வேண்டுதலை யார் வைத்தது? வேறு யார், அவனேதான். புத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்றுகிறவனைக் காக்க வைத்துவிட்டு, விசா மட்டும் வரட்டும், மலைக்குப் போய் மொட்டை போடுகிறேன் என்று இலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்த சொந்தக்காரர்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். வராது என்கிற தைரியம். வராத விசாவுக்கு முடியை வைத்தால் என்ன, முழுத்தலையையே வைத்தால்தான் என்ன? பெருமாள் எத்தனை பேரைப் பார்த்தவர், இவன் எந்த மூலைக்கு... வந்துவிட்டது. குரோஷியா என்கிற தேசம், கடலோரத்தில் இருந்துகொண்டு, வாரும் கோவர்த்தனரே, ஒரு வருஷம் எங்கள் ஊரில் உட்கார்ந்து உம் லேப்டாப்பைத் தட்டும் என்று பாஸ்போர்ட்டில் ஒட்டி அனுப்பிவிட்டது. டிஜிட்டல் நோமேட் விசா. அங்கே போய் அந்த ஊர்க்காரனிடம் வேலை செய்யக் கூடாது, அதுதான் அதன் முதல் நிபந்தனை. இங்கே செய்கிற அதே வேலையை, அதே கம்பெனிக்கு, அதே சம்பளத்துக்கு, அங்கே போய் உட்கார்ந்து செய்யலாம். இதைச் சொந்த ஊரான நகரியில் யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. அம்மா வெங்கடம்மாவிலிருந்து டீக்கடைக்காரன் வரை எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்... அப்புறம் எதுக்குடா போற? முதல் முறை கேட்டபோது அறியாத ஜனங்கள் என்று உள்ளுக்குள் சிரித்தான். பத்தாவது ஆள் கேட்டபோது, இவர்கள்தான் ஒருவேளை விஷயம் தெரிந்தவர்களோ என்று தோன்றிவிட்டது.

எதற்குப் போகிறான்? ஆபீஸில் ஒரு பையன் இருந்தான், இவன் வயதில் பாதி, பாலித் தீவில் போய் உட்கார்ந்துகொண்டு இளநீர்க் காயின் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துப் படம் போட்டான். அதன் கீழே இவன் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற பழக்கம்தான் கிடையாதே. 'நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினான். கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. கட்டைவிரலுக்கு மயங்காத மனுஷன் எவன்? அடுத்த வாரம் 'எல்லைகள் அற்ற உழைப்பு' என்று ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டுரை. அதற்கடுத்த வாரம், தன் பெயருக்குக் கீழே 'உலகக் குடிமகன்' என்று போட்டுக்கொண்டான். மேற்கே பெங்களூரைத் தாண்டாத உலகக் குடிமகன். ரேணிகுண்டாவிலிருந்து விமானம் ஏறினால் காது அடைக்கிறது என்று ஹைதராபாத்துக்கு ரயிலில் போய் வந்த உலகக் குடிமகன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வெட்கம், அதனால் விண்ணப்பம். விண்ணப்பம் போட்டால் நிராகரிப்பார்கள், நிராகரித்தால் ஐரோப்பாக்காரனின் நிறவெறி என்று இன்னொரு கட்டுரை எழுதலாம், அதற்குத் தலைப்புகூட வைத்திருந்தான்... எவ்வளவு அழகான தலைப்பு, வீணாகப் போயிற்று.

வரிசை நகர்ந்தது. சிப்பந்தி டோக்கனையும் அரை பிளேடையும் கையில் திணித்தார். அரைத் துண்டு பிளேடு, காகித உறையில், இதற்கு ஒரு தலை போய்விடும்.

இந்த நாட்டில் ஒரு காகிதம் நகர்வதற்கு என்ன பாடு? ரேஷன் கார்டில் அப்பா பெயர் கோவிந்தசாமி, கோவிந்தம்மா என்று விழுந்து, அதை ஆம்பிளையாக்குவதற்குள் அப்பாவே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்படிப்பட்ட தேசத்தில், இவன் விசாவுக்கென்று கிளம்பிய காகிதங்கள் மட்டும் ரெக்கை கட்டிப் பறந்தன. போலீஸ் சான்றிதழ் சிக்கும் என்று நம்பியிருந்தான், அதுதான் கடைசி நம்பிக்கை. கான்ஸ்டபிள் வந்தார், காப்பி குடித்தார், "மீ மீத கேஸுலு ஏமீ லேவு கதா" என்று உன் மேல் வழக்கு கிழக்கு இல்லையே என்பதைக் கேட்டார், இவன் வாயைத் திறக்குமுன் அவரே இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு சின்ன வழக்காவது இருந்திருக்கக் கூடாதா? நாற்பத்தாறு வருஷம் இந்த மண்ணில் வாழ்ந்து ஒரு வாய்க்கால் தகராறுகூட இல்லாமல்... என்ன வாழ்க்கை இது. மேனேஜர் தடுப்பார் என்று எதிர்பார்த்தான். கோவர்த்தன், நீங்கள் இந்திய நேரத்தில் இல்லாவிட்டால் மருத்துவமனை பில்லிங் சாஃப்ட்வேர் படுத்துவிடுமே என்று ஒரு வார்த்தை. அவரோ மூன்று பலூன் படமும் ஒரு விமானப் படமும் அனுப்பினார். பதினெட்டு வருஷ உழைப்புக்கு மூன்று பலூன்.

உமாபதி ஒருவன்தான் தடுக்கக்கூடிய பழைய சிநேகிதன், பள்ளிக்கூடத்திலிருந்து. அவன் நகரி பஸ் ஸ்டாண்டு முனையில் பிளெக்ஸ் வைத்துவிட்டான். 'ஐரோப்பா ஆளப் புறப்படும் எங்கள் அண்ணன்' என்று, இவன் கூலிங் கிளாஸ் போட்ட படம், கூலிங் கிளாஸ் இவனுடையதல்ல, கம்ப்யூட்டரில் மாட்டியது, பின்னால் ஈபிள் கோபுரம். அது பாரிஸ்டா, குரோஷியா வேறடா என்று போனில் கத்தினான். "தெரியும் மச்சான், குரோஷியாவுக்குன்னு தேடுனா வெறும் கல்லும் தண்ணியுமா வருது, கோபுரம் இல்லன்னா ஃபாரின்னு எவன் நம்புவான்?" என்றான் உமாபதி. ஐரோப்பாவை ஆளப்போகிறவன், வாடகை ஒப்பந்தத்தில் பார்த்த அந்த ஒற்றை அறையை நினைத்துக்கொண்டான். ஜன்னல் ஒன்று, அடுப்பு ஒன்று, படுக்கை ஒன்று. ஜன்னலுக்கு வெளியே கல்லும் தண்ணியும்.

போன வாரம் அம்மாவிடம் போனான். அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், அந்தச் சாக்கில்... அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அங்க கோழி கெடைக்குமா நைனா?" என்றாள். கிடைக்கும் என்றான். "அப்ப சரி, போய்ட்டு வா" என்று முறத்தை எடுத்துக்கொண்டாள். மகள் ஹரிதா, இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ, சூப்பர்ப்பா என்று கட்டிப்பிடித்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே, உங்க ரூமை நான் எடுத்துக்கட்டுமா என்று கேட்டாள். கடைசியில் மிச்சம் இருப்பவள் இவள் ஒருத்தி, பின்னால் துண்டோடு நிற்கிற தேவசேனா. ஒரு வார்த்தை, வேண்டாங்க என்று ஒரே ஒரு வார்த்தை இவள் சொன்னால் போதும், அப்புறம் ஊர் என்ன கேட்டாலும், என்ன செய்வது, சம்சாரம் விடவில்லை என்று தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்துவிடலாம். டிக்கெட்டை இப்போதும் ரத்து செய்யலாம். அந்த வார்த்தைக்காகத்தான் விசா வந்த நாளிலிருந்து அவளைச் சுற்றிச்சுற்றி வருகிறான், நாய் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றுகிற மாதிரி. அவளோ புளிக்காய்ச்சல் கிண்டினாள், பருப்புப் பொடி அரைத்தாள், உள்பனியன் எத்தனை என்று எடுத்து வைத்தாள், பெட்டியின் எடையைக் குளியலறைத் தராசில் ஏறி இறங்கிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், சரி. இருபது வருஷம் கூட வாழ்ந்தும் அந்தச் 'சரி'க்கு அர்த்தம் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே அழுகிறாளோ? அழுகிறவள்தான் இப்படி ஓடியாடி வேலை செய்வாள், மனசை மறைக்க. பாவம்.

திரும்பிப் பார்த்தான். "தனியா கஷ்டமா இருக்காது உனக்கு?" என்றான், குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டு. "எனக்கின்னா கஷ்டம், ஹரிதா கீறா, பக்கத்துல எங்க அண்ணன் வூடு கீது" என்றாள் தேவசேனா. "ராத்திரில பயமா..." "இப்ப மட்டும் திருடன் வந்தா உங்களையா எழுப்பப் போறேன்? நீங்க மீட்டிங்ல இருப்பீங்க." முன்னால் நின்றவர் சிரித்தார். முன்னால் போங்க என்று அவள் கண்ணாலேயே சொன்னாள்.

அவளுக்கென்ன தெரியும், இவன் போனால் அந்த வீடு எப்படி ஆகும் என்று. ஐந்து வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. ஒரு வீட்டை ஆபீசாக்குவது லேசான காரியமா? எத்தனை பேர் நாய் குரைக்க, மிக்ஸி ஓட, மாமியார் இருமப் பேசுகிறார்கள். இவன் கூட்டத்தில் பேசினால் பின்னால் ஓர் ஊசி விழுகிற சத்தம் கேட்காது. நீங்கள் ஏதாவது ஸ்டூடியோவில் இருக்கிறீர்களா என்று ஜெர்மன்காரி ஒருத்தியே கேட்டிருக்கிறாள். பெருமையாக இருந்தது. கூட்டத்துக்கு நடுவே இவன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் போதும், வீடே வாயை மூடிக்கொள்ளும். குக்கர் மொட்டைமாடிக்குப் போய்விட்டது, அங்கே ஒரு சின்ன அடுப்பு, விசில் அங்கேதான். ஹரிதா பாடத்தைக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒப்பிப்பாள். தயிர்க்காரி தெருமுனையிலேயே நின்று விரலைக் காட்டுவாள், தேவசேனாவும் விரலைக் காட்டுவாள், ஊமை வியாபாரம். பண்டிகைக்கு வருகிற சொந்தங்கள் மத்தியானத்துக்குள் வந்து போய்விட வேண்டும், ஐரோப்பா விழித்துக்கொள்வதற்கு முன்னால். டிவியில் வாய் அசைவதைப் பார்த்தே சீரியல் கதையைச் சொல்வாள் தேவசேனா, கெட்டிக்காரி. ஒத்துழைக்கும் குடும்பம் என்று லேப்டாப்பிலேயே நடந்த ஆபீஸ் விழாவில் அவளுக்கு நன்றிகூட சொல்லியிருக்கிறான், ஆங்கிலத்தில், மைக்கில். அவள் அப்போது மாடியில் இருந்தாள். அந்த ஒழுங்கெல்லாம் இவன் போனால் குலைந்துவிடாதா? வீடு வீடாகவா இருக்கும்?

"தல வஞ்சண்டி சார்." குனியச் சொன்னார் நாவிதர். கோவர்த்தனன் சட்டையில்லாத முதுகோடு பலகையில் சம்மணம் போட்டுக் குனிந்தான். தண்ணீர் தலையில் விழுந்து காதோரம் இறங்கியது. பெண்கள் பக்கம் தேவசேனா போவது ஓரக்கண்ணில் தெரிந்தது, மூன்று கத்தரி கொடுப்பாள் போலிருக்கிறது, பொம்பளைகள் நுனியில் மூன்று வெட்டு வெட்டிக் கொடுத்தால் போதும் என்று சாமி சலுகை வைத்திருக்கிறார். இடுப்புவரைக்கும் முடி அவளுக்கு, அதில் மூன்று வெட்டு கடலில் கரண்டி... உச்சியிலிருந்து பிளேடு இறங்கியது. நரைதான் அதிகம் விழுந்தது, இவ்வளவு நரையா, உலகக் குடிமகனின் படத்தில் இது இல்லையே. எந்த ஊர், எதற்கு மொக்கு, அதாவது வேண்டுதல், என்று நாவிதர் தெலுங்கில் கேட்டார், கை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. வெளிநாடு போகிறேன் என்றான். உத்தியோகமா? இல்லை, உத்தியோகம் இங்கேதான், அங்கே இருந்துகொண்டு இங்கே... "மரி எந்துக்கு வெள்ளடம்?" பின்னே எதற்குப் போவது என்று நாவிதரும் கேட்டார், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல், "கதலகண்டி" என்று காதை மடித்துப் பிடித்துக்கொண்டார். அசையாமல் இருந்தான். அசையாமல் இருப்பது எவ்வளவு சுகம். தூக்கம் வந்தது. இப்படியே யாராவது காதைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால்...

எழுந்து, உடம்பில் ஒட்டிய முடியைத் தட்டிக்கொண்டு தூண் ஓரமாக வந்து நின்றான். தலை லேசாக, குளிராக, யாருடையதோ மாதிரி இருந்தது. பெண்கள் பக்கத்தில் தேடினான். நீலப் புடவை, மாம்பழ மஞ்சள் ஓரம். நீலப் புடவை இருந்தது. மேலே தலைதான் வேறு. சுத்தமாக வழித்த, பச்சை நரம்பு தெரிகிற சின்ன மண்டை, அதற்குக் கீழே தேவசேனாவின் காது, தேவசேனாவின் மூக்கு. பக்கத்தில் தரையில் அவள் முடி, ஒரு கூடைக்குக் காணும்.

போய் நின்றான். "இன்னா பண்ணிக்கினு வந்த நீ?" "மொக்கு" என்றாள், பின்கழுத்தைத் தடவிக்கொண்டே. "எப்ப வச்ச?" "நீங்க விசாவுக்குப் பேப்பர் போட்டீங்களே, அன்னிக்கி." "எனக்குச் சொல்லவே இல்ல?" "உங்களுக்கா வச்சேன்? சாமிக்கு வச்சேன்." "இன்னான்னு வச்ச?" அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நடந்துச்சி, குடுத்துட்டேன். அத்தோட முடிஞ்சிது" என்றாள்.

நடந்துச்சி. என்ன நடந்தது? வேண்டியது நடந்தால்தான் முடி கொடுப்பார்கள், நடப்பதற்கு முன்னால் யார் கொடுப்பார்கள், பெருமாள் என்ன முன்பணம் வாங்குகிற கடைக்காரரா. அந்த நாளிலிருந்து இந்த நாளுக்குள் இவர்கள் வீட்டில் என்ன நடந்தது? ஹரிதா பரீட்சை இன்னும் எழுதவில்லை. மாமனார் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மச்சான் பாஸ்கர் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. நடந்தது ஒன்றே ஒன்று. சரி, அப்படியென்றால் புருஷன் ஆசைப்பட்டது நடக்க வேண்டும் என்று வைத்திருப்பாள், உத்தமி, என் ஆசைக்காகத் தன் முடியை... அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படித்தானே? என் ஆசை என்று அவளிடம் எப்போது சொன்னேன், ஊருக்குச் சொன்னேன், ஆபீசுக்குச் சொன்னேன். நிராகரிப்பார்கள் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. இவன் வராது என்று வைத்தான், இருக்கிற கொஞ்ச முடியை. அவள் வரவேண்டும் என்று வைத்தாள், முழுசாக. ஒரே சாமியிடம், ஒரே வீட்டிலிருந்து, ஒரே விசாவுக்கு. இவனுடைய காகிதங்கள் ஏன் ரெக்கை கட்டிப் பறந்தன என்பது இப்போதுதான்... இடுப்புவரை முடி. அதைவிடப் பெரிதாக எதை வேண்டியிருப்பாள்? கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம்.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு மொட்டை, ராமகுப்பத்துக்காரி, பட்டுப்புழு வளர்க்கிற வீடாம், முறை போட்டு இலை வைக்க வேண்டுமாம், புழுவை மருமகள் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறாளாம். "மருமவ பாத்துக்குவாளா?" என்றாள் தேவசேனா. "புழுவைப் பாத்துக்குவா, என் புள்ளையத்தான் பாத்துக்க மாட்டா" என்றாள் அந்த அம்மாள். தேவசேனா சிரித்தாள். சிரிப்பு என்றால் வாயைப் பொத்திக்கொள்கிற சிரிப்பு இல்லை, தலை பின்னால் சாய்ந்து, தொண்டை தெரிய, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த நாவிதப் பெண்கள் பிளேடை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "எங்க வூட்டுக்காரரு வெளிநாடு போறாரு!" என்று ஆரம்பித்தாள். அவ்வளவு ஜனத்துக்கும், அந்தக் குழந்தைகளின் அலறலுக்கும் கோவிந்தாவுக்கும் மேலே அந்தக் குரல் போயிற்று. கணீரென்று, கொஞ்சம் கரகரப்போடு, சந்தையில் நின்று பழகிய குரல் மாதிரி. யார் குரல் இது? புத்தூரில் பெண் பார்க்கப் போனபோது சமையல்கட்டிலிருந்து யாரோ யாரையோ அதட்டுவது கூடத்துக்குக் கேட்டதே, பெண்ணின் அத்தையாக இருக்கும் என்று நினைத்தானே... அது இவளா? "எத்தினி நாளு?" என்று ராமகுப்பத்துக்காரி கேட்க, "ஒரு வருசம்! முழுசா ஒரு வருசம்!" என்று தேவசேனா சொன்னபோது, கோவர்த்தனனின் வலது கை தானாக மேலே எழும்பி, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றது. எந்தக் கூட்டமும் நடக்கவில்லை, காதில் எந்தக் கருவியும் இல்லை, எந்த ஜெர்மன்காரியும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கைக்கு அது தெரியவில்லை. தேவசேனா பார்த்தாள். வாய் அப்படியே நின்றது, அடுத்த வார்த்தை உதட்டில் இருக்கும்போதே, விளக்கை அணைத்தது போல முகம் தாழ்ந்தது. ஒரு கணம்தான். பிறகு அவள் அந்தக் கையையும், கைக்கு மேலே இருந்த மொட்டைத் தலையையும், ஏதோ வழியில் நிற்கிற தூணைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, ராமகுப்பத்துக்காரியின் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து, முன்னைவிடக் கொஞ்சம் உரக்கவே பேச ஆரம்பித்தாள். எழுப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோவர்த்தனன் அப்படியே நின்றுகொண்டிருந்தான், வேண்டுதல் போலப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கும், பக்கத்தில் போன ஒரு பெரியவர் அவனைப் பார்த்துக் கோவிந்தா என்றார்.